ஒரே அடுப்பு, இரண்டு டப்பா

வெள்ளிக்கிழமை
காலை டீக்குப் பிறகு

அன்புள்ள செக்கரம்மாவுக்கு உன் பெயிண்டர் எழுதுவது.

இங்கே நான் நலம். வெறுமனே நலம் என்று எழுதினால், சட்டையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் அந்த வார்த்தையையும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாய் என்று தெரியும். அதனால் ஆதாரத்தோடு சொல்கிறேன். நம் மாடிப்படி முப்பத்தாறையும் நேற்று ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறிவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் மூன்று இடத்தில் நிற்பேன், மூன்றாவது இடத்தில் உட்காரவும் செய்வேன். எனக்காக வாசலில் ஸ்டூல் போட்டு வைத்திருந்தாரே முதல் மாடி டீச்சர், அதை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டார். இனிமேல் உங்களுக்கு இது வேண்டாம் போலிருக்கே என்று சிரித்தார். எனக்குப் பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

மகளின் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம் என்று போனில் சொன்னாள். ஸ்கூட்டரில் பறக்காதே என்று நான் சொன்னபோது என்னைக் கிழவன் என்றாள். இப்போது யார் குச்சி ஊன்றி நடக்கிறார்கள் என்று நான் கேட்டதாகச் சொல். அவளை அதிகம் திட்டாதே. வெளியூரில் தனியாக வேலை பார்க்கிற பிள்ளை, நீ போய்ச் சேர்ந்ததே அவளுக்குப் பாதி மருந்து.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறேன், அதைக் கேட்டு நீ கலங்குகிறாய். உன் பக்கமும் சரியில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது பத்துப் பதினைந்து விநாடி சத்தமே இல்லாமல் போய்விடுகிறாய். கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாய். மகள் பேசும்போது மட்டும் அந்த வீட்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது, என்னவோ. காகிதத்தில் எனக்கும் மூச்சு வாங்காது, உனக்கும் சிக்னல் போகாது. தவிர, என் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று அல்லவா.

வீட்டில் நீ ஒட்டிவிட்டுப் போன சிவப்பு அம்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இருபத்துமூன்று வருஷம் தையல் கம்பெனியில் செக்கராக நின்று, பிசகிய தையலுக்கெல்லாம் அம்பு ஒட்டிய கை வீட்டை மட்டும் விடுமா? இன்ஹேலர் இருக்கும் அலமாரியில் ஓர் அம்பு. பயறு டப்பாவில் ஓர் அம்பு. கேஸ் அடுப்புத் திருகில் ஓர் அம்பு. கண்ணாடியில், சரியாக என் தாடை தெரியும் இடத்தில் ஓர் அம்பு. சவரம் செய்யும்போது அந்த இடத்தை நான் விட்டுவிடுவேன் என்று எவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறாய். இந்த வீட்டில் அம்பு ஒட்டாத பொருள் நீ ஒருத்திதான்.

சாப்பாட்டில் ஏமாற்றவில்லை. ஊறவைத்த பயறு, கீரை, தோல் சீவாத காய், வெங்காயம், எல்லாம் நீ எழுதிக் கொடுத்தபடி. வயிற்றுக்குள் முதல் மாதம் நடந்த கச்சேரி இப்போது அடங்கிவிட்டது. டீச்சர் நேற்று, மூச்சுக்கோளாறுக்கு எதற்குக் கீரை என்று கேட்டார். குடலுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று நம் இருவரையும் சேர்த்து ஆய்வு செய்கிற ஆஸ்பத்திரி டாக்டரம்மா நமக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா குடித்தனம் இருக்கிறது. நமக்குச் செரிக்காத நாரும் சக்கையும்தான் அதற்கு விருந்து. தின்றுவிட்டு அது சும்மா இருப்பதில்லை, சில அமிலங்களைச் செய்து தருகிறது. அது ரத்தத்தில் கலந்து மேலே நுரையீரல்வரை போய், அங்கே எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் காவல்காரர்களிடம், கொஞ்சம் அமர்ந்து பேசுங்கப்பா என்கிறது. வீக்கம் குறைகிறது. அப்படித்தான் நினைக்கிறார்கள், இன்னும் முழுதாக நிரூபணம் ஆகவில்லை, அதனால் இன்ஹேலரை விடக்கூடாது. இதையும் சொன்னேன். டீச்சர், கீழ்வீட்டில் நல்ல குடித்தனம் இருந்தால் மேல்வீட்டில் நிம்மதி என்கிறீர்கள், அவ்வளவுதானே என்றார். அவர் கீழ்வீடு, நாம் மேல்வீடு. சாமர்த்தியக்காரி.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை நாம் இரண்டு டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினோமே, எட்டு வாரச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கும் அந்த இரண்டாவது மாதிரி. நீல மூடி நோயாளிக்கு, அதாவது எனக்கு. வெள்ளை மூடி, அதே அடுப்பில் சாப்பிடும் துணைக்கு, அதாவது உனக்கு. ஒட்டுவதற்கு டாக்டரம்மா கொடுத்திருந்த லேபிளைப் பார்த்தேன். கோழி கிளறிய எழுத்து. முப்பது வருஷம் பெயர்ப்பலகை எழுதியவன் தன் சொந்த... சரி, அந்தப் பொருள்மேல் அப்படியோர் எழுத்தை ஒட்டி அனுப்புவதா என்று மனம் கேட்கவில்லை. நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நான் இரண்டு லேபிளையும் வேறு தாளில், மெல்லிய பிரஷ்ஷில், நிழல் கொடுத்து எழுதி ஒட்டிவிட்டேன். உலகத்திலேயே அவ்வளவு அழகான எழுத்து ஒட்டிய மலம் நம்முடையதாகத்தான் இருக்கும். சிரிக்காதே. சிரித்தாயா?

இன்னும் ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, டீயை ஆறவிட்டு, எழுதுகிறேன். கடைசி இரண்டு மாதம் நீ ஹாலில் படுத்துக்கொண்டாய். உங்க இளைப்புச் சத்தத்துல தூக்கமே வரலை என்றாய். சத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் முன்பு இதைவிட அதிகமாக இருந்தபோதெல்லாம் பக்கத்திலேயே படுத்திருந்தாய். மூச்சு சரியாகிக்கொண்டு வரும்போது ஏன் தள்ளிப் போனாய் என்று எனக்குப் புரியவில்லை. மகள் விழுந்த செய்தி வந்ததும், ஒரு வாரம் போதும் என்று நான் சொல்ல, பத்து வாரம் இருந்துட்டு வரேன் என்று நீ சொன்னாய். நோயாளியோடு இருந்து இருந்து அலுத்துவிட்டதா? அலுத்திருந்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் திரும்பி வரும் தேதியை மட்டும் எழுது. காலண்டரில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

உனக்கும் மகளுக்கும் எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

உன்,
பெயிண்டர்


புதன்கிழமை
மதியம், பெயர்ப்பலகைக் கடையில் ஆள் இல்லாத நேரம்

அன்புள்ள செக்கரம்மாவுக்கு,

நேற்று நீ பேசியது சந்தோஷம். ஆறு நிமிஷம் பேசினாய், அதில் மூன்று தடவை சிக்னல் போயிற்று. மகள் மாவுக்கட்டின்மேல் படம் வரைந்து, பெயரும் எழுதியிருக்கிறாள் என்றாயே, அது என் ரத்தம். எழுத்தின் அளவு சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

இங்கே ஒரு தகராறு நடந்திருக்கிறது. தகராறு என்றால் சண்டை இல்லை, என் மானப் பிரச்சினை. கேள்.

திங்களன்று டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார், ஊதினேன். முந்தைய தடவையைவிட நன்றாக வந்திருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முகத்தைச் சுருக்கினார். முதல் மாதிரியில் உன்னுடையதைப் பார்த்து, உங்க வீட்டம்மாவுக்கு உள்ளே நல்ல தோட்டமே இருக்கு, உங்களுக்குத்தான் பொட்டல் காடு என்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? அன்று வழி முழுக்க நீ என்னைப் பொட்டல் காடு என்று கூப்பிட்டாய். இப்போது எட்டு வாரத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழாம். நீல மூடியில் நல்ல பாக்டீரியா பெருகியிருக்கிறது. வெள்ளை மூடியில் பாதிக்கும் மேல் காணவில்லை. ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. ஒருவருக்கு ஏறி, இன்னொருவருக்கு இப்படி இறங்க வழி இல்லை என்றார். பிறகு மெதுவாக, லேபிள் மாறிப்போயிருக்குமோ என்றார்.

லேபிளைப் புதிதாக எழுதி ஒட்டியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். எழுத்து அழகாக இருக்கிறதே, யார் எழுதியது என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு வாரமாகக் காத்திருந்தவன் அல்லவா. அவர் பாராட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா, இருபதடி உயரத்தில் சாரத்தில் நின்று, தலைகீழாகத் தொங்காத குறையாக எழுதியிருக்கிறேன், ஓர் எழுத்து இடம் மாறியதில்லை, இரண்டே இரண்டு டப்பாவில் மாற்றி ஒட்டுவேனா என்றேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள். கத்தியதில் மூச்சு வாங்கி, அவரே தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கோபக்காரனுக்கு அதுதான் தண்டனை.

தண்ணீர் குடித்து முடித்ததும் இன்னொன்று கேட்டார். உங்க மனைவி அந்த எட்டு வாரத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா என்று. சாப்பிட்டால் இப்படி ஆகுமாம். அந்த மாத்திரை நோய்க்கிருமியை மட்டும் தேடிப் போகாது, நல்லதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். வேண்டிய நேரத்தில் உயிரைக் காப்பாற்றும், வேண்டாத நேரத்தில் தோட்டத்தை அழிக்கும். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கா, அவள் இரும்பு, அவளுக்குத் தலைவலி வந்தே நான் பார்த்ததில்லை என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நீங்க சொல்லாதீங்க, அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க என்றார். லேபிள்தான் தப்பு என்றால் நம் ஜோடியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவாராம்.

நீ என்னைக் கேலி செய்ய இது நல்ல சந்தர்ப்பம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம். உனக்குத் தெரியும், ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, உப்புத்தாள் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் தடுத்த பிறகு கடையில் என்னை வைத்திருப்பதே எழுத்தைக் கோடு போட்டுக் கொடுப்பதற்குத்தான். மூச்சு போனால் போகட்டும், கை இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். அந்தக் கையும் பிசகிவிட்டது என்றால் நான் எதை வைத்துக்கொண்டு நிற்பது? திங்களிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை அளக்கிறேன். முதலாளி, என்னண்ணே சந்தேகம் என்று கேட்டுவிட்டார்.

அதனால் எனக்கு இரண்டே பதில் வேண்டும். அன்று காலை எந்த டப்பாவில் எந்த மூடி என்று உனக்கு நினைவிருக்கிறதா? செக்கர் கண் அல்லவா, பார்க்காமல் இருந்திருக்கமாட்டாய். இரண்டாவது, மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று ஒரு வரி. அதைக் கொண்டுபோய் அந்த மேஜையில் வைக்கிறேன்.

தேதியை நீ இன்னும் சொல்லவில்லை. காலண்டர் காலியாக இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பெயிண்டர்


ஞாயிற்றுக்கிழமை

என் செக்கருக்கு,

இந்தக் கடிதத்தை மகள் பக்கத்தில் இல்லாதபோது படி. உட்கார்ந்து படி.

கடிதம் வந்து சேரும்வரை பொறுக்காமல் வியாழனன்று நான் போனிலேயே கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பதை நீயே ஒரு தடவை கேட்டுக்கொள். நீங்கதான் மாத்தி ஒட்டியிருப்பீங்க, அன்னைக்கு அவசரத்துல இருந்தீங்க என்றாய். மாத்திரையா, எனக்கெதுக்கு மாத்திரை என்றாய். அதோடு சிக்னல் போய்விட்டது. நான் உன்னை நம்பினேன். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போய், தப்பு என்னுடையதுதான், மாற்றி ஒட்டிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கடைக்கு வந்து, கண் கொஞ்சம் சரியில்லை என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷை எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

நேற்று காலை மகள் பேசினாள். அம்மா அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறாள் என்றாள். மனம் எவ்வளவு உடைந்திருந்தாலும் தேதி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் பார். காலண்டரில் பேனாவால் வட்டம் போடுவதைவிட உன் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டலாம் என்று தோன்றியது. அலமாரி மேல்தட்டில் உன் பொத்தான் டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

பொத்தானுக்கும் நூலுக்கும் அடியில், அம்புத் தாளுக்கும் அடியில், மூன்று காலி மாத்திரை அட்டை. நான்காக மடித்து, ரப்பர் போட்டு வைத்திருந்தாய். வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள், நான் ஒருபோதும் கண்டுபிடித்திருக்கமாட்டேன். ஆனால் நீ எதையும் தேதி போடாமல் கழிக்கமாட்டாய். ஒவ்வோர் அட்டையின் முதுகிலும் தொடங்கிய நாள், முடித்த நாள், உன் பொடி எழுத்தில். மூன்றும் அந்த எட்டு வாரத்துக்குள்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு முனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், இருமல் போச்சா சார் என்றார். எந்த இருமல் என்றேன். நீங்க நெஞ்சு சளியோட இருமிட்டு ரொம்பக் கஷ்டப்படுறீங்கன்னு சொல்லி உங்க வீட்டம்மா மூணு தடவை இந்த ஆன்டிபயாடிக்கை வாங்கிட்டுப் போனாங்களே என்றார். போச்சுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும்போது படியில் நான்கு இடத்தில் நின்றேன். அது நுரையீரலால் இல்லை.

ஸ்டூல் இல்லாத அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நீ இங்கே இருந்தபோது, நான் குழாயில் முதல் தடவையாக நன்றாக ஊதிய அன்று வீட்டுக்கு வந்து இருவரும் சிரித்தோம். நீ சிரித்துச் சிரித்து இருமினாய், கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பு அடக்க முடியலை என்றாய். இரண்டாவது அட்டை அன்றுதான் தொடங்கியிருக்கிறது. ஹாலில் போய்ப் படுத்தது என் சத்தத்துக்காக இல்லை, உன் சத்தத்துக்காக. தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு இருமினாயா? காலையில் அந்த உறையைத் தினமும் துவைத்துக் காயப்போட்டாயே, எனக்கு ஏன் ஒரு கேள்வி எழவில்லை? அந்த வீட்டில் சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. இருமல் வரும்போது நீதான் போனில் சத்தத்தை அணைத்துவிடுகிறாய்.

உன்மேல் எனக்குக் கோபம். இதை எழுதாமல் விட்டால் நான் நானில்லை. என் கையைச் சந்தேகப்படவைத்தாய். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். லேபிள் மாறவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீ. தெரிந்துகொண்டே, நீங்கதான் மாத்தியிருப்பீங்க என்று எப்படிச் சொல்ல முடிந்தது? கோபம் நேற்று மதியம்வரை இருந்தது. சாப்பிட உட்கார்ந்து, நீ அம்பு ஒட்டிய பயறு டப்பாவைத் திறந்ததும் போய்விட்டது. தனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வேளைக்கு வேளை ஊறவைத்து வேகவைத்துப் போட்டவளிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? உனக்கு ஏன் சொல்ல வரவில்லை என்றும் தெரியும். இந்த வீட்டில் நோயாளி என்ற நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் நான் பத்து வருஷமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

கடைக்காரரிடமிருந்து வந்த கையோடு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமையாக இருந்தும் வரச் சொன்னார். அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். என் மன்னிப்பு வாபஸ் என்றேன். அவர் உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. நம் முதல் மாதிரிகளையும் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொருவர் குடலுக்கும் முகம்போல ஒரு சாயல் இருக்குமாம், எவ்வளவு மெலிந்தாலும் அடையாளம் தெரியுமாம். லேபிள் சரியாகத்தான் இருந்திருக்கிறது. உங்க கை பிசகலை சார், எழுத்தும் அழகாத்தான் இருந்தது என்றார். இதைக் கேட்க நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷமே வரவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. மூன்று மாதமாக இருமுகிறவர் மருந்துக் கடைக்குப் போகக் கூடாது, எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இருமல் எதனால் என்று தெரியாமல் அந்த மாத்திரைகளைப் போட்டதில் இருமல் போகவில்லை, தோட்டம்தான் போயிற்று. தோட்டம் போனதால் நெஞ்சு இன்னும் கெட்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வே. ஆனால் கீழே நடப்பது மேலே தெரியும், மேலே நடப்பது கீழே தெரியும் என்றுதான் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். போன தோட்டம் திரும்பவும் வளரும், பொறுமையும் சாப்பாடும் வேண்டும். உன் வேலையைக் கேட்டார். தையல் கம்பெனியில் சட்டை சரிபார்க்கும் மேஜை, இருபத்துமூன்று வருஷப் பஞ்சுத் தூசு என்றேன். எழுதிக்கொண்டார். வேறென்ன தூசு என்றார்.

என் சட்டைத் தூசு என்றேன். உப்புத்தாள் தேய்த்த பொடி அப்பிய என் வேலைச் சட்டையை முப்பது வருஷம் பால்கனியில் நின்று உதறியது யார்? நான் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். டப் டப் என்று சத்தம் கேட்கும். ஒரு நாள்கூட எழுந்து போய், கொடு, நான் உதறுகிறேன் என்று சொன்னதில்லை. உன் நெஞ்சில் இருப்பதில் எவ்வளவு உன் கம்பெனி, எவ்வளவு நான் என்று எந்த மெஷினாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முழுவதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

நம் ஜோடியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவரோடு ஒப்பிட முடியாதாம். ஆய்வில் மட்டும்தானே சார் என்று டாக்டரம்மா என்னைத் தேற்றினார். நல்ல பெண். நீ திரும்பி வந்ததும் உன்னையும் தன்னிடமே காட்டச் சொன்னார். ஆனால் பன்னிரண்டாம் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே இந்த வாரம் ஒரு நெஞ்சு டாக்டரைப் பார்க்கட்டும் என்றார். மகளுக்கு எழுத நேற்றே பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நீ. குச்சி ஊன்றிக்கொண்டாவது அவள் உன்னோடு வருவாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு போங்கள். புதன் காலைவரை நீ சொல்லவில்லையென்றால் நான் சொல்லிவிடுவேன், அப்போது என்னைக் கோபிக்கக் கூடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து வருஷமாக என் மூச்சைப் பற்றி இவ்வளவு பயந்ததில்லை. எனக்கு ஏதாவது ஆனால் நீ இருக்கிறாய் என்ற தைரியத்திலேயே நோயாளியாக இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

வீட்டுச் செய்தி இரண்டு. ஹாலில் இருந்த உன் மெத்தையைப் பழையபடி உள்ளே என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டேன். இழுத்து வர மூன்று தடவை நிற்க வேண்டியிருந்தது, பரவாயில்லை. இன்று காலை என் வேலைச் சட்டையை நானே கீழே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தண்ணீரில் நனைத்துத் துவைத்தேன். இனி எப்போதும் அப்படித்தான். நீ வந்த பிறகு பயறும் கீரையும் நான் சமைப்பேன். இரண்டு தட்டிலும் ஒரே அளவு. நீ அம்பு ஒட்டலாம்.

காலண்டருக்கு அம்பு ஒட்டவில்லை. டப்பாவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன். பத்திரமாக உரித்து எடு. எங்கே அடைக்கிறது, எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் உனக்கு வரும். அதனால் நீ பேச வேண்டாம். ஊரார் சட்டைக்கெல்லாம் ஒட்டினாயே, இதை உன் நெஞ்சில், சரியான இடத்தில் ஒட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்.

செவ்வாய்க்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். புதன் காலை எட்டு மணிக்குப் போன் செய்வேன். இருமல் வந்தால் சத்தத்தை அணைத்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் இருமு. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்,
பெயிண்டர்